தலைமாட்டில் மேற்கு

நான் இங்கே எழுதப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இதைச் சத்தியம் செய்து சொல்கிறேன். சத்தியம் செய்வதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. பள்ளிக்கூடத்தில் கைசருக்குச் செய்தேன். பிறகு குடியரசுக்கு, பிறகு அந்த மீசைக்காரனுக்கு, பிறகு தொழிலாளர் விவசாயிகள் அரசுக்கு. நான் சத்தியம் செய்துகொடுத்த எல்லோரும் கவிழ்ந்துபோனார்கள் என்பது வாஸ்தவம்தான். அது அவர்கள் கோளாறு. என் சத்தியத்தில் கோளாறு இல்லை. ஆகவே நம்பிப் படியுங்கள்.

ஓட்டோகார் லெம்கேயும் நானும் கிழக்கு பெர்லினில், ஆக்கர் தெருவில், ஒரே கட்டடத்தின் பின்முற்றத்தில் குடியிருந்தோம். அவர் மூன்றாம் மாடி, நான் அவர் தலைக்குமேல். டிராம் பணிமனையில் மணல் காயவைப்பது அவர் வேலை. டிராம் வழுக்காமல் நிற்கத் தண்டவாளத்தில் மணல் தூவுவார்கள் அல்லவா, அந்த மணலைச் சலித்து, வறுத்து, பெட்டியில் நிரப்பிக் கொடுக்கிறவர். யாரோடும் வம்புக்குப் போகாதவர். வாயைத் திறந்தால் ஒரே பேச்சு: ஹெர்மினா.

ஹெர்மினா அவர் மனைவி. நாற்பத்துமூன்று நவம்பரில், வானத்திலிருந்து எங்கள் தெருவைத் தரைமட்டமாக்கிய வாரத்தில் செத்துப்போனாள். விமானத் தாக்குதல் பாதுகாப்பு அலுவலகம் அவளை ஆணியடித்து மூடிய பெட்டியாக அனுப்பிவைத்தது. திறந்து பார்க்கவேண்டும் என்று லெம்கே கேட்கவில்லை. பெட்டிகளுக்குள் எட்டிப்பார்க்கத் தோதான மாதம் இல்லை அது. லாசரு இடுகாட்டில் மேற்கு மதிலை ஒட்டிய கடைசி வரிசையில் இருவர் படுக்கும் குழியாக வாங்கினார். இடது பாதியில் அவளை வைத்தார். வலது பாதியைத் தனக்கு விட்டுவைத்தார். எங்கள் ஊர் வழக்கப்படி இரண்டு பேர் பெயரையும் கல்லில் ஒன்றாகவே வெட்டிவிட்டார்கள். அவள் பெயருக்குக் கீழே இரண்டு வருடங்கள். அவர் பெயருக்குக் கீழே பிறந்த வருடமும் ஒரு சின்னக் கோடும். கோட்டுக்கு அப்பால் வழவழப்பான வெறுங்கல். ஞாயிறுதோறும் பூவாளியோடு போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றி, அந்த வெறுங்கல்லையும் ஒரு துடைப்புத் துடைத்துவிட்டு வருவார்.

"என் படுக்கை தயாரா இருக்குப்பா," என்பார் என்னிடம். "ஏறிப் படுக்க வேண்டியதுதான் பாக்கி. அவ எப்பவும் இடது பக்கம்தான் படுப்பா."

அவருக்கு வேறு ஆசையே கிடையாது. அந்த வலது பாதி. அவ்வளவுதான்.

அறுபத்தொன்று ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கண்விழித்தபோது ஊருக்கு நடுவே முள்கம்பி ஓடிக்கொண்டிருந்தது. கம்பி செங்கல்லாயிற்று, செங்கல் கான்கிரீட்டாயிற்று. அதைச் சுவர் என்று சொல்லக்கூடாது. பாசிச எதிர்ப்புப் பாதுகாப்பு அரண் என்று சொல்லவேண்டும். வெளியிலிருந்து பகைவன் உள்ளே வராமல் தடுப்பதற்காகக் கட்டியது. அதனால்தான் விளக்கு, நாய், துப்பாக்கி எல்லாமே உள்பக்கம் பார்த்து நின்றன. வெளியிலிருந்து வருகிற பகைவன் உள்ளிருந்துதான் வருவான் என்பது அவர்களுடைய அனுபவம்.

லாசரு இடுகாட்டின் மேற்கு மதிலே அங்கே அரணாக உயர்ந்தது. அதையொட்டி ஓர் அகலப் பட்டை ஒதுக்கி மணல் கொட்டினார்கள். யார் கால் வைத்தாலும் தடம் தெரியவேண்டும் என்று காலையில் சிப்பாய்கள் அந்த மணலை வாரி வாரி, தலை சீவியது போலக் கோடு போடுவார்கள். அந்தப் பட்டைக்குள் அனுமதியில்லாமல் குடியிருந்தவை முயல்கள் மட்டும்தான். கல்லறைகளின் கடைசி வரிசை முழுவதும் பட்டைக்குள் போய்விட்டது. லெம்கேக்கு அப்போது இருந்த ஒரே குறை வேறு.

"மணல் சரியில்லப்பா. சலிக்கவே இல்ல. ஈரம் வேற. இதுல ஒரு டிராம்கூட நிக்காது."

கல்லறைக்குப் போக அட்டை வாங்கவேண்டும் என்றார்கள். எல்லைப்பகுதி இறந்தோர் பிரிவு என்று ஓர் அலுவலகம் திறந்தார்கள். அதற்குத் தலைவர் மேஜர் டிட்மார். நல்ல மனிதர். யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. அதற்கு ஆள் வைத்திருந்தார்.

"இறந்தவங்களுக்கு நீங்க என்ன வேணும்?"

"வீட்டுக்காரங்க ஐயா."

"ஐயா இல்ல. தோழர்."

"வீட்டுக்காரன், தோழரே."

"நாட்டை விட்டுப் போகணும்னு அவங்க எப்பவாவது பேசியிருக்காங்களா?"

லெம்கேக்குப் பொய் சொல்லத் தெரியாது. யோசித்துப் பார்த்தார். "ஒருதடவை பவேரியா மலையைப் பாக்கணும்னு சொன்னா. கல்யாணமான புதுசுல."

"பவேரியா. மேற்கு." மேஜர் குறித்துக்கொண்டார். "தலை எந்தப் பக்கம்?"

"யாரு தலை?"

"இறந்தவங்க தலை."

"மேக்க. கால் கிழக்க. எல்லாருக்கும் அப்படித்தானே வைக்கிறது? கடைசி நாள்ல எழுந்திரிச்சா சூரியன் உதிக்கிற திசையைப் பாக்கணும்னு..."

மேஜரின் பேனா நின்றது. "எழுந்திரிக்கிற உத்தேசம் இருக்கா?"

"பாதிரியார் அப்படித்தான் சொல்வார்."

"இந்த லாசரு யாரு? இடுகாட்டுக்கே அவர் பேரை வச்சிருக்கீங்க."

"பைபிள்ல வர்றவர் தோழரே. செத்து, அடக்கம் பண்ணி, நாலு நாள் கழிச்சு எழுந்து வெளிய நடந்து வந்துட்டார்."

மேஜர் மெதுவாக நாற்காலியில் சாய்ந்தார். "ஆக, ஏற்கெனவே ஒருத்தர் போயிருக்கார்."

அட்டை கிடைத்தது, சில நிபந்தனைகளோடு. கூடவே இரண்டு சிப்பாய்கள் வருவார்கள். ஒருவனாக விட்டால் அவன் யோசிக்க ஆரம்பித்துவிடுவான் என்பதால் இரண்டு பேர். இருவரும் பழகிவிட்டால் சேர்ந்து யோசிப்பார்கள் என்பதால் ஒவ்வொரு முறையும் வேறு ஜோடி. கோபுரத்தில் ஒருவன் அந்த இருவரையும் கவனிப்பான். செடி கணுக்காலுக்குமேல் வளரக்கூடாது. மண்டியிடக்கூடாது, மேலிருந்து பார்த்தால் மண்டியிடுகிறவனும் சுரங்கம் தோண்டுகிறவனும் ஒரே மாதிரி இருப்பார்கள். முக்கியமாக, மேற்கே பார்க்கக்கூடாது.

கல் நின்றதோ மேற்கே, தலைமாட்டில். ஆகவே லெம்கே கல்லறைக்கு முதுகைக் காட்டி நின்று துக்கம் அனுசரித்தார். அவருக்கு எதிரே எங்கள் தெருவின் சமையலறை ஜன்னல்கள் தெரிந்தன. அவற்றைப் பார்த்து அழப் பழகிக்கொண்டார். பூவாளியைத் தோளுக்குமேல் தூக்கிப் பின்பக்கமாக ஊற்றவும் பழகினார். முதல் சில வாரம் தண்ணீரில் பாதி அவர் சட்டைக்குள்ளேயே போயிற்று. ஒரு சிப்பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூட வந்த சிப்பாய் அதைத் தெரிவித்தான். சிரித்தவனை அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

"ஹெர்மினா எப்படி இருக்கா?" என்று கேட்டேன்.

"தெரியலப்பா. நான்தான் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறேனே. கோவிச்சுக்கிட்டுத்தான் இருப்பா. உயிரோட இருந்தப்ப ஒருநாளும் நான் அவளுக்கு முதுகு காட்டிப் படுத்ததில்ல."

கொஞ்ச காலம் இப்படிப் போயிற்று. ஒருநாள் மேஜரிடமிருந்து அழைப்பு.

"எல்லைப் பட்டைக்குள்ள ஓட்டோகார் லெம்கேன்னு ஒருத்தர் இருக்கார். யாரு அது?"

"நான்தான் தோழரே."

"உங்களுக்கு ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷம்தான் அனுமதி. உங்க பேரு வாரம் முழுக்க அங்கயே இருக்கு."

"அது கல்லுல வெட்டினது..."

"பாருங்க பெரியவரே. செத்தவங்களுக்குப் பட்டையில இருக்க அனுமதி உண்டு. உயிரோட இருக்கிறவங்களுக்குக் கிடையாது. நீங்க எதுல சேர்த்தி?"

"உயிரோடதான் இருக்கேன்," என்றார் லெம்கே, மன்னிப்புக் கேட்கும் குரலில்.

"நான் தப்பா நினைக்கல. ரெண்டு வழி இருக்கு. பேரைக் கொத்தி எடுத்துரலாம். இல்ல, கோட்டுக்கு அந்தப் பக்கம் வருஷத்தைப் போட்டு முடிச்சிரலாம். உங்க சௌகரியம்."

"எந்த வருஷம்னு எனக்கே தெரியாதே."

"யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமே இல்ல. டிசம்பரோட திட்டக் காலம் முடியுது."

படியேறி வந்து என்னிடம் உட்கார்ந்தார். "பேரை எடுத்துட்டா அந்த இடம் என்னுதுன்னு யாருக்குப்பா தெரியும்? வேற எவனையாவது அவ பக்கத்துல படுக்க வச்சிருவாங்க." அந்தக் குளிர்காலத்தில் அவர் ஜன்னலைத் திறந்து வைத்து, சட்டை போடாமல் படுத்தார். டிசம்பருக்குள் முடித்துவிடவேண்டும் என்று மனிதர் உண்மையாகவே முயன்றார். சளிகூடப் பிடிக்கவில்லை. அவரைவிட மெலிந்த இரண்டு கிழவர்கள் எங்கள் கட்டடத்திலேயே நிமோனியாவில் போனார்கள். லெம்கே பொறாமையில் வெந்துபோனார். கடைசியில் மேஜர் பெருந்தன்மையோடு அவருடைய சாவை அடுத்த திட்டக் காலத்துக்குத் தள்ளிவைத்தார்.

அடுத்த ஆண்டு இறந்தோர் ஞாயிறு வந்தது. நவம்பரில் எல்லோரும் கல்லறைகளுக்குப் போகும் நாள். அன்று லாசரு இடுகாட்டில் பித்தளை வாத்தியக் குழு நின்றது, செங்கொடி பறந்தது. மேஜர் மேடையேறினார்.

"தோழர்களே! நம்ம அரண் உயிரோட இருக்கிறவங்களைப் பாதுகாக்குது. செத்தவங்களை மட்டும் ஏன் கைவிடணும்? இந்த வரிசையில கிடக்கிறவங்க இத்தனை வருஷமா மேற்கைத் தலைமாடா வச்சுப் படுத்திருக்காங்க. அது அவங்க குத்தம் இல்ல, பழைய ஆட்சியோட குத்தம். இன்னைக்கு அத்தனை தலையையும் கிழக்க திருப்பி வைக்கிறோம். செத்தவன் எங்க ஓடப்போறான்னு சில பேர் முணுமுணுக்கிறாங்க. நான் கேக்கிறேன், உயிரோட இருந்தவன் ஓடுவான்னு நாம நினைச்சமா? வேலை குடுத்தோம், வீடு குடுத்தோம், சந்தோஷமா இருக்கச் சொல்லி உத்தரவும் குடுத்தோம். லட்சக்கணக்குல போனாங்க! நம்மளை வாழ்த்திப் பாடினவனே அப்படிப் போனான்னா, ஒரு வார்த்தை பேசாம கிடக்கிறவனை எதை வச்சு நம்புறது?"

எல்லோரும் கை தட்டினோம். யார் முதலில் நிறுத்துவது என்று தெரியாததால் நெடுநேரம் தட்டினோம். அந்தச் சத்தம் ஓய்ந்ததும் லெம்கே, பாவம், நல்லெண்ணத்தில் வாயைத் திறந்தார்.

"தோழரே, தலையைக் கிழக்க வச்சா, எழுந்திரிக்கும்போது நேரா மேக்கதானே பாப்பாங்க?"

இடுகாடு இடுகாடாயிற்று. மேஜர் துணை அதிகாரியோடு கலந்து பேசினார். பிறகு அறிவித்தார்: "குப்புறப் போடுங்க."

குப்புறப் போடவேண்டுமானால் பெட்டியைத் திறக்கவேண்டும். திறந்தார்கள். வரிசையாக ஒவ்வொருவராகக் கவிழ்த்துக்கொண்டே வந்தார்கள். வாத்தியக் குழு ஒவ்வொரு கவிழ்ப்புக்கும் ஒரு பாட்டு வாசித்தது. ஹெர்மினாவின் முறை வந்தது. ஆணி பிடுங்கிய மூடியைத் தள்ளியபோது உள்ளே செங்கற்கள் இருந்தன. ஓர் அடுப்பின் இரும்புக் கதவு இருந்தது. பிடியில்லாத கரி அள்ளும் கரண்டி ஒன்றும் இருந்தது. ஹெர்மினா இல்லை.

வாத்தியக் குழுவுக்கு விஷயம் தெரியாது. வாசித்துக்கொண்டே இருந்தது.

லெம்கே தடையை மறந்து மேற்கே திரும்பிக் குழிக்குள் எட்டிப்பார்த்தார். "ஹெர்மினா?" என்று மெல்லக் கூப்பிட்டார், அவள் பக்கத்து அறையில் இருப்பதுபோல.

அன்றைக்கே விசாரணை.

"படுக்கையில தலையணையைச் சுருட்டி வச்சுப் போர்வையை மூடிட்டுத் தப்பிக்கிறது சிறையில நடக்கிற பழைய தந்திரம்," என்றார் மேஜர். "இங்க தலையணைக்குப் பதிலா செங்கல். கடைசியா அவங்களை எப்ப பாத்தீங்க?"

"நாப்பத்துமூணு நவம்பர்ல."

"நம்ம அரசு பிறக்கிறதுக்கு முன்னாடியே! இன்னும் பிறக்காத அரசை விட்டு ஓடத் திட்டம் போட்டிருக்காங்கன்னா, எவ்வளவு ஆழமான பகையா இருக்கணும்!"

லெம்கே இருக்கையை விட்டு எழுந்தார். "தோழரே, அப்ப அவ உயிரோட இருக்காளா?"

மேஜருக்கு எரிச்சல். "செத்தவங்க ஓடமாட்டாங்க பெரியவரே. ஓடும்போது எல்லாரும் உயிரோடதான் இருக்காங்க. அதுக்கப்புறம் நடக்கிறதை வேற பிரிவு பாத்துக்குது."

ஹெர்மினா எல்லை தாண்டி மேற்கே ஓடிவிட்டாள் என்று தீர்ப்பாயிற்று. துரோகி என்பதால் கல்லிலிருந்து அவள் பெயரைக் கொத்தி எடுத்தார்கள். உடந்தையாக இருந்ததற்காக லெம்கேயின் கல்லறை அட்டை பறிபோயிற்று. ஏழெட்டு மாதம் சிறை. திரும்பி வந்தவரைப் பார்த்து நான் பயந்துபோனேன். பல்லில் இரண்டு இல்லை, ஆனால் மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"உயிரோட இருக்காப்பா! அரசாங்கமே சொல்லிருச்சு!"

"ஓட்டோ, அந்த வாரம் நம்ம தெருவுல என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியாதா? நிலவறையிலிருந்து கிடைச்சதை அள்ளிப் பெட்டியில போட்டு ஆணியடிச்சுக் குடுத்திருக்காங்க. கிடைச்சது அவ்வளவுதான்."

"நீ மேஜரைவிடப் படிச்சவனா?"

"இருபது வருஷமா ஒரு வரி எழுதலியே, அதுக்கு என்ன சொல்றே?"

"கோவம். முதுகைக் காட்டிக்கிட்டு நின்னேன்ல."

"அவ போனது அதுக்கு எத்தனையோ வருஷம் முன்னாடிடா!"

"கோவத்துக்குக் கணக்கு தெரியுமா? உனக்குக் கல்யாணமாகியிருந்தா புரியும்."

அந்தச் சமயத்தில்தான் அரசு ஒரு கருணை செய்தது. ஓய்வு பெற்ற கிழடுகள் மேற்கிலுள்ள உறவினரைப் பார்த்துவிட்டு வரலாம் என்றது. திரும்பி வராவிட்டால் அரசுக்கு ஒரு வாய் மிச்சம். லெம்கே முதல் ஆளாகப் போய் நின்றார். யாரைப் பார்க்க என்று கேட்டார்கள். பெண்டாட்டியை என்றார்.

மேஜர் வசமாக மாட்டிக்கொண்டார். அனுமதி மறுத்தால் ஹெர்மினா மேற்கில் இல்லை என்றாகும். இல்லை என்றால் தீர்ப்பு தப்பு. தீர்ப்பு தப்பாக இருக்க முடியாது. "போயிட்டு வாங்க," என்றார், பல்லைக் கடித்தபடி. "நம்ம தண்டனை அவங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்குன்னும் சொல்லுங்க."

லெம்கே அலமாரியிலிருந்து ஹெர்மினாவின் குளிர்காலக் கோட்டை எடுத்தார். "நவம்பர்ல கோட்டு இல்லாமப் போயிட்டா," என்றார். படிக்கட்டு முழுக்க அந்துருண்டை வாசம்.

"அங்கயே இருந்துருவியா ஓட்டோ?"

"கூட்டிக்கிட்டு வந்துருவேன்ப்பா. எங்க இடம் இங்கதானே இருக்கு."

மேற்கைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே எல்லோருக்கும் பேச்சுரிமை உண்டு. ஆகவே எல்லோரும் ஒன்றையே பேசினார்கள். 'கல்லறையிலிருந்தும் ஓடுகிறார்கள்' என்று பத்திரிகைகள் ஏற்கெனவே எழுதித் தீர்த்திருந்தன. சுதந்திர நண்பர்கள் கழகம் என்று ஒன்று, அரணுக்கு அந்தப் பக்கம், லாசரு இடுகாட்டுக்கு நேரெதிரே மரத்தில் ஒரு பார்வை மேடை கட்டியிருந்தது. பேருந்து பேருந்தாக வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். கீழே தொத்திறைச்சிக் கடை. ஒருவர் கையில் தொத்திறைச்சியோடு ஏறி, எங்கள் துன்பத்தைப் பார்த்து, கடுகுச் சாந்து தொட்டுக் கடித்துவிட்டு இறங்குவார். தினமும் பிற்பகலில் மேடையில் ஹெர்மினா லெம்கே தோன்றி, அடுப்புக் கதவால் மண்ணைத் தோண்டித் தான் எப்படித் தப்பினாள் என்று கண்ணீரோடு சொல்வாள்.

விலாசம் கேட்டுக் கேட்டு லெம்கே அங்கே போய்ச் சேர்ந்தார், கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு. கழகத் தலைவர் டாக்டர் ஹோல்ட்ஹவுஸ் துள்ளிக் குதித்தார். "கணவர் வந்துட்டார்! கேமராவைக் கொண்டாங்க!"

லெம்கே அந்தப் பெண்ணைப் பார்த்தார். செம்பட்டை முடி. முப்பது வயதுகூட இருக்காது.

"இது ஹெர்மினா இல்லீங்களே."

அவள் சிரித்த முகம் மாறாமல் அவர் காதருகே குனிந்தாள். "தாத்தா, சத்தம் போடாதீங்க. எனக்கு ரெண்டு பிள்ளைங்க. ஒருதடவை கட்டிப் பிடிச்சுக்கங்க, போதும், போயிருவாங்க."

"அவளுக்கு அறுபது வயசு இருக்கணுமே," என்றார் லெம்கே டாக்டரிடம்.

"சுதந்திரம் மனுஷங்களை இளமையாக்கும்!" டாக்டர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா மக்களே! சொந்தப் பெண்டாட்டியையே அடையாளம் தெரியாத அளவுக்கு இவர் மூளையைக் கழுவி அனுப்பியிருக்காங்க!"

"ஐயா, அப்ப என் ஹெர்மினா எங்க?"

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். அவரும் நல்ல மனிதர்தான். "இதப் பாருங்க. அவங்க இங்க இல்லேன்னா, அங்கயே செத்துப்போயிட்டாங்கன்னு அர்த்தம். அப்ப அவனுங்க தீர்ப்பு பொய்யின்னு ஆகும். அது எங்களுக்கும் ஆனந்தம்தான். ஆனா அவங்க வந்து சேர்ந்துட்டாங்கன்னு நாங்க போஸ்டர் அடிச்சுட்டோமே. என்ன பண்றது சொல்லுங்க?"

லெம்கே அவரைத் தாண்டிப் போனார். மேடையின் படிகளில் ஏறினார். மேலே போய்க் கிழக்கே பார்த்தார். இத்தனை வருடத்தில் இப்போதுதான் அவர் அந்தக் குழியை நேர்முகமாக, யாரும் தோளைப் பிடித்துத் திருப்பாமல் பார்க்கிறார். குழி திறந்தபடி கிடந்தது. பார்வையை மறைக்கிறது என்று கல்லைத் தள்ளி மல்லாத்தியிருந்தார்கள். எழுத்துகள் தலைகீழாகத் தெரிந்தன. ஒரு பக்கம் கொத்திய தழும்பு. மறு பக்கம் அவர் பெயர், ஒரு கோடு, வெறுங்கல். குழிக்குள் ஒரு முயல் உட்கார்ந்திருந்தது.

அப்போது அவருக்குப் புரிந்தது. நான் சொல்லிப் புரியாதது, முயல் உட்கார்ந்திருந்த விதத்தில் புரிந்துவிட்டது.

"தாத்தா, பாத்து, விழுந்துராதீங்க," என்றாள் கூடவே ஏறி வந்த அந்தப் பெண், அவர் முழங்கையைப் பிடித்து.

கோட்டை அவளிடம் கொடுத்தார். "குளிருது. நீ போட்டுக்க."

இங்கேயே இருங்கள், வீடு தருகிறோம் என்று டாக்டர் ஹோல்ட்ஹவுஸ் எவ்வளவோ சொன்னார். "உங்ககிட்ட எல்லாம் இருக்குங்க," என்றார் லெம்கே. "என் இடம் அங்க மாட்டிக்கிச்சு." அன்று சாயங்காலமே திரும்பி வந்துவிட்டார். எல்லைக் காவலர்களே குழம்பிப்போனார்கள். தானாகத் திரும்பி வருகிறவனைச் சுடலாமா கூடாதா என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மறுநாள் மேஜர் முன்னால் நின்றார்.

"சம்சாரம் எங்க?"

"அங்க இல்ல தோழரே. எங்கயுமே இல்ல. அந்த நவம்பரோடயே முடிஞ்சுபோச்சு. எனக்குத்தான் நேத்து தெரிஞ்சுது. ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். அந்தச் செங்கல்லைத் திரும்ப அந்தப் பெட்டியிலயே வச்சு மூடிருங்க. எங்க நிலவறைச் செங்கல் அது. அவ கொஞ்சமாவது அதுல ஒட்டிக்கிட்டு இருப்பா. நான் செத்தா வலது பாதியில போட்டுருங்க. வேற ஒண்ணும் வேணாம்."

மேஜர் பேனாவைக் கீழே வைத்தார். அவருக்கும் மனசு இருந்தது என்பதற்கு இதுதான் சாட்சி. பிறகு சொன்னார்: "அந்தச் செங்கல் இல்லியே பெரியவரே. அரணுக்குப் போயிருச்சு. நல்லா சுட்ட செங்கல், வீணாக்கலாமா? உங்க கல்லறைக்குப் பின்னாடி ஒரு பொத்தல் இருந்துச்சு, அதுல வச்சுப் பூசிட்டோம்."

லெம்கே நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "அப்ப அவ சுவத்துலயா இருக்கா?"

"அரண்ல," என்று திருத்தினார் மேஜர்.

அந்தக் குளிர்காலம் லெம்கே ஜன்னலை மூடிக்கொண்டு, கம்பளி போர்த்திப் படுத்தார். முதல் வாரத்திலேயே நிமோனியா பிடித்தது. கடைசிவரை என் கையைப் பிடித்துக்கொண்டு, "வலது பாதிப்பா, மறந்துராதே," என்றார். மறக்கவில்லை. மேஜரிடம் போய்ச் சொன்னேன்.

அவர் மறுக்கவில்லை. ஆனால் பெட்டி என்பது ஒளிந்துகொள்ளும் இடம் என்று அனுபவம் சொல்லிக்கொடுத்திருந்தது. ஆகவே லெம்கேயை எரித்தார்கள். சாம்பலையும் கலசத்தில் வைக்கவில்லை, கலசத்துக்கும் மூடி உண்டு. பட்டைக்கு நான் வர அனுமதி இல்லை. நடந்ததை வாத்தியக் குழுவில் கொம்பு ஊதுகிறவன்தான் சொன்னான். மேஜர் கையுறையைக் கழற்றிவிட்டு ஓர் உரை ஆற்றினாராம்.

"இவர் கேட்டது பாதிக் குழி. நம்ம அரசு தாராளமானது. பட்டை முழுக்கக் குடுக்கிறோம். தூவுங்க."

தூவினார்கள். மணலோடு மணலாக வாரிக் கோடு போட்டார்கள். தினமும் காலையில் இரண்டு சிப்பாய்கள் ஓட்டோகார் லெம்கேயைச் சீராகச் சீவிவிட்டார்கள். நன்றாகக் காய்ந்த சாம்பல், மணலின் தரம் கூடிற்று என்று மேலதிகாரிகள் பாராட்டினார்கள்.

மார்ச் மாதம் ஒருநாள் நடுப்பகலில் கிழக்கிலிருந்து பலத்த காற்று எழும்பியது. என் சமையலறை ஜன்னலிலிருந்து நானே பார்த்தேன். பட்டையிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு மூட்டம் கிளம்பி அரணை நோக்கிப் போயிற்று. கோபுரத்திலிருந்து "நில்!" என்று கத்தினார்கள். நிற்கவில்லை. மறுபடி கத்தினார்கள். பிறகு விதிப்படி சுட்டார்கள். தோட்டாக்கள் அவரைத் துளைத்துப் போய், கல்லறைக்குப் பின்னால் பூசியிருந்த செங்கற்களில் பட்டன. அங்கிருந்து சிவப்புத் தூள் கிளம்பியது. சாம்பலும் செந்தூளும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, ஒரே மூட்டமாகச் சுழன்று, அரணின் உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டன. மேடையில் நின்றவர்களின் தொத்திறைச்சிமேல் கொஞ்சம் படிந்திருக்கும். சுட்ட சிப்பாய்க்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள். தப்பவிட்டதற்காக அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

இந்த ஒன்றை மட்டும் சத்தியம் செய்யாமல் சொல்கிறேன், நடந்தது இதுதான்: ஓட்டோகார் லெம்கேயும் ஹெர்மினா லெம்கேயும் நாற்பத்துமூன்று நவம்பரில், ஒரே நிலவறையில், ஒரே குண்டில் இறந்தார்கள்.